கதையை யாரிடம் சொல்லக் கொடுக்கிறீர்கள்?

எழுத்தில் கரியர் தேடுகிறீர்களா? முதலில் போட்டியைப் புரிந்துகொள்ளுங்கள். பத்திரிகைச் சிறுகதை, பரிசுப் போட்டி, ஆடியோ கதை, ஓடிடி சீரிஸின் ரைட்டர்ஸ் ரூம், விளம்பர ஏஜென்சி என எங்கே போனாலும் உங்களிடம் கேட்பது சாம்பிள். நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ, அதை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். அதே மேஜையில் இன்னும் பலருடைய சாம்பிள்கள் கிடக்கும். குடிகார அப்பா, கைகூடாத காதல், முதியோர் இல்லம், லே-ஆஃப் என்று எல்லோரிடமும் ஏதோ ஒரு கரு இருக்கும். கருவை மட்டும் நம்பிப் போனால் கூட்டத்தில் கரைந்துபோவீர்கள்.

கூட்டத்திலிருந்து உங்களை எடுத்துக்காட்டுவது, அந்தக் கருவை யார் கண்வழியாகச் சொல்கிறீர்கள் என்ற முடிவுதான். சினிமா ஆட்கள் பிஓவி என்பார்கள், விமர்சகர்கள் நோக்குநிலை என்பார்கள். அனுபவமுள்ள எடிட்டர் இதை முதல் பத்தியிலேயே கவனித்துவிடுவார். இந்த ஆளுக்குக் கதைமேல் கன்ட்ரோல் இருக்கிறதா, அல்லது வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எனவே முதல் வரி எழுதுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு இது.

1. ஒரே சம்பவத்தை மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள்.

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது மாடி, மாலை நாலு மணி. விற்பனைப் பெண் ஒருத்தி ஒரு நிமிடம் தூணில் சாய்கிறாள். சம்பவம் இவ்வளவுதான். முதலில் அவளே சொல்லட்டும்:

‘நாலு மணிக்கு மேல் குதிகால் என் பேச்சைக் கேட்காது. தூணில் முதுகு பட்டும் படாமல் நிற்கப் பழகிவிட்டேன். மேலே கேமரா இருக்கிறது. அதற்கு என் கால் தெரியாது, தலை சாய்ந்தால் தெரியும்.’

இப்போது ஃப்ளோர் சூப்பர்வைசர் பக்கம் போங்கள்:

‘அந்தப் பெண் மறுபடியும் தூண் பக்கம் போய்விட்டாள். முதலாளி பார்ப்பதற்குள் ஒரு சத்தம் போட்டுவிட வேண்டும் என்று ராஜேந்திரன் படியேறினான். போன மாதம் இதே தூணுக்காகத்தான் அவன் சம்பளத்தில் பிடித்தார்கள்.’

மூன்றாவது, புடவை எடுக்க வந்தவர்கள்:

‘இருபது புடவை பிரித்துப் போட்டாயிற்று. அக்காவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. முகம் சுளிக்காமல் அடுத்ததை எடுத்தாள் அந்தப் பெண். தங்கமான பொண்ணு என்றாள் அக்கா. நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம்.’

தூணும் மாறவில்லை, பெண்ணும் மாறவில்லை. ஆனால் முதல் கதை உடம்பைப் பற்றியது. இரண்டாவது, மேலே இருப்பவனுக்குப் பயந்து கீழே இருப்பவளை விரட்டும் சங்கிலியைப் பற்றியது. மூன்றாவது, நல்லவர்களாகவே இருந்துகொண்டு எதிரில் நிற்பவளின் காலைப் பார்க்காத நம்மைப் பற்றியது. பார்வை மாறியபோது தீம் தானாக மாறிவிட்டது. பாத்திரமும் மாறியது: முதல் பத்தியில் கொடுமைக்காரனாக வந்திருக்கக்கூடிய சூப்பர்வைசர், இரண்டாம் பத்தியில் சம்பளம் பிடிக்கப்பட்ட மனிதனாகிவிட்டான். எழுதும்போது ‘என் கதையின் தீம் என்ன’ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சம்பவத்தில் யாருக்கு என்ன பறிபோகும் என்று பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலில்தான் உங்கள் கதைசொல்லி இருப்பார்.

இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் வந்தது. ரிசர்ச் செய்த புது எழுத்தாளர் இந்தத் தகவலைக் கதையில் திணிக்கத் துடிப்பார். கதை அந்தப் பெண்ணுடையது என்றால் அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வரலாம். ‘ஸ்டூல் போடப்போறாங்களாம்’ என்று கேன்டீனில் கேட்ட ஒரு வரி போதும். வாடிக்கையாளரின் கதையென்றால் அதுவும் வராது. பார்வையை நிர்ணயித்துவிட்டால் எதை வெட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

2. ஜெயகாந்தனை இந்த ஒரு விஷயத்துக்காக மறுபடி படியுங்கள்.

நோக்குநிலை பற்றித் தமிழில் இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. காரணம், இங்கே ஒரே எழுத்தாளர் தன் கதையையே இரண்டு பார்வையில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

‘அக்னிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை மாலை, கல்லூரி வாசல் பஸ் ஸ்டாப், பெரிய கார், முன்பின் தெரியாத ஒருவன். கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்லக்கூடிய நிலையில் வீடு திரும்பும் பெண்ணை, அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். படர்க்கையில் சொல்லப்பட்ட கதை. கூட்டத்தை எட்டி நின்று பார்த்து ஆரம்பிக்கும் கதைசொல்லி, மெல்ல அந்தப் பெண்ணை நெருங்குகிறார். பிறகு தாயிடம் போய்ச் சேருகிறார். கடைசியில் பேசுவதும் தீர்ப்புச் சொல்வதும் தாய்தான். அதனால் அது ஒரு தாயின் துணிச்சலைப் பற்றிய கதையாக நிற்கிறது. பெரும் சர்ச்சை கிளம்பியதும் அந்தத் தீர்ப்பினால்தான்.

அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? இந்தக் கேள்வியிலிருந்து வந்த நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. 1977இல் படமாக வந்து, நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதும் வாங்கித் தந்தது. நாவலில் பெரும்பகுதி ‘நான்’ என்று பேசுவது கங்கா. அவள் இப்போது படித்து வேலைக்குப் போகும் பெண். தன்னுடைய சம்பவத்தை யாரோ ஒரு எழுத்தாளர் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற கதையாக எழுதியிருப்பதைப் பத்திரிகையில் படிக்கிறாள். அதாவது, சிறுகதையில் மற்றவர்களால் பேசப்பட்டவள், நாவலில் அந்தக் கதையையே கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள். சிறுகதையில் மன்னிக்கப்பட வேண்டிய பெண்ணாக இருந்தவள், இங்கே மன்னிப்பு என்ற யோசனையையே சந்தேகிக்கும் பெண்ணாகிவிடுகிறாள். முடிவை மாற்றியதால் மட்டும் இது நடக்கவில்லை. பேச்சுரிமையை அவளிடம் கொடுத்ததால் நடந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலோடு படியுங்கள். ‘இந்த இடத்தில் யார் தலைக்குள் இருக்கிறோம்’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத்துப் பட்டறை ஒன்றுக்குக் கட்டும் ஃபீஸ் மிச்சம்.

3. ‘நான்’ என்று எழுதினால் அந்த ‘நான்’ ஹீரோவாக இருக்க வேண்டியதில்லை.

புதியவர்கள் தன்மையில் எழுதுவதை விரும்புகிறார்கள். இயல்பாக வருகிறது, நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் அடிபட்டவரே பேச ஆரம்பித்தால் சீக்கிரம் புலம்பலாகிவிடும். அதற்குத் தீர்வு, பக்கத்தில் நிற்பவரைப் பேச வைப்பது.

கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ கதையைப் பாருங்கள். கணவர் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. குஞ்சம்மாள் இரவு ரயிலில் கிளம்புகிறாள். கதையைச் சொல்வது அவள் அல்ல, துணைக்குப் போகும் தம்பி. ரயில் பெட்டிக்குள் அவள் முகத்தில் பயமும் நம்பிக்கையும் மாறி மாறி வருவதை அவன் பார்க்கிறான், ஊகிக்கிறான். அவள் மனதுக்குள் உண்மையில் என்ன ஓடியது என்று அவனுக்கும் முழுதாகத் தெரியாது, நமக்கும் தெரியாது. விடிந்ததும் மரணம் உறுதியாகிறது. அப்போது வந்து சேரும் விசித்திரமான அமைதி நம்மைக் குலுக்கக் காரணம் இந்த இடைவெளிதான். குஞ்சம்மாளே ‘எனக்கு நிம்மதியாக இருந்தது’ என்று சொல்லியிருந்தால், அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்போம். தம்பி பார்ப்பதால், அவளைப் புரிந்துகொள்கிறோம்.

4. வேலை தேடுபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’.

1973இல் வந்த கதை. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். சினிமா ஆபீஸ் உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். கதையே ஒரு இன்டர்வியூதான். ஸ்டூடியோ அலுவலகத்துக்குக் காதர் என்ற மெலிந்த மனிதர் வாய்ப்பு கேட்டு வருகிறார். புலி வேஷம் கட்டுவேன் என்கிறார். தேவையில்லை என்று அனுப்பப் பார்க்கிறார்கள். அவர் புலித்தலையை மாட்டிக்கொள்கிறார். அடுத்த நிமிடம் அந்த அறையில் மனிதன் இல்லை, புலி இருக்கிறது. மேஜைமேல் பாய்கிறது, உறுமுகிறது. பார்ப்பவர்கள் உறைந்துபோகிறார்கள். தலையைக் கழற்றியதும் அதே வறுமைப்பட்ட மனிதர். பிறகு அவருக்காக ஒரு வாய்ப்பு உருவாகி, கடிதம் போடுகிறார்கள். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வருகிறது.

இதைக் காதரின் பார்வையில் எழுதியிருந்தால் ‘திறமைக்கு மதிப்பில்லை’ என்ற, எல்லோருக்கும் தெரிந்த புகார் கிடைத்திருக்கும். அசோகமித்திரன் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஊழியரைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு இரக்கம் உண்டு, அதிகாரம் கிடையாது. புலியைப் பார்த்துப் பிரமிக்க முடியும், வேலை கொடுக்க முடியாது. புலியாக மாறும் தருணத்தை வெளியிலிருந்து பார்ப்பதால்தான் அது நம்மையும் மிரள வைக்கிறது. உள்ளேயிருந்து சொன்னால் வெறும் மூச்சிரைப்பாகத்தான் இருக்கும். குற்றவுணர்ச்சி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கதையைக் கொடுங்கள். இந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்ட பெரிய பாடம் இது. வாய்ப்பு மறுக்கப்பட்டவரைவிட, மறுத்த அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு மறக்க முடியாத விஷயங்கள் அதிகம்.

5. படர்க்கையில் எழுதும்போது கேமராவின் உயரத்தை முடிவுசெய்யுங்கள்.

‘அவன்’, ‘அவள்’ என்று எழுதிவிட்டால் நடுநிலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தமிழில் நடுநிலையான படர்க்கை கிடைப்பது கஷ்டம். மேலே ‘ராஜேந்திரன் படியேறினான்’ என்று எழுதினோம். அதே ஆளை அந்தப் பெண்ணின் பக்கமிருந்து சொன்னால் ‘சார் வந்தார்’ என்றுதான் வரும். முதலாளி பார்த்தால் ‘அந்த ராஜேந்திரன் எங்கே போனான்’. அவன், அவர், சார், அண்ணன், அந்த ஆள் என எதைப் போடுகிறீர்களோ அதில் உறவும் படிநிலையும் வயதும் வந்துவிடுகின்றன. கதை முழுக்க ஒருவரைக் குறிக்கும் சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று செக் செய்யுங்கள். நடுவில் ‘அவன்’ என்பது காரணமில்லாமல் ‘அவர்’ ஆனால், வாசகருக்கு இலக்கணப் பெயர் தெரியாவிட்டாலும் ஏதோ நழுவியது புரியும்.

கி.ரா.வின் ‘கதவு’ படர்க்கைக் கதை. ஆனால் பெரும்பாலும் குழந்தைகளின் உயரத்திலேயே நிற்கும். தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். பெரியவர்களுக்கு அது ஜப்தி, மானம், வறுமை. குழந்தைகளுக்கு அது அவர்கள் ஏறி ஆடிய பஸ். கதைசொல்லி குழந்தைகளின் பக்கமே நிற்பதால் வறுமையைப் பற்றி ஒரு பிரசங்கமும் தேவைப்படவில்லை. விளையாட்டு பறிபோனதைச் சொன்னாலே போதும், மற்றதெல்லாம் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இதில் ஒரு எடிட்டிங் டிப். ஒருவர் பார்வைக்குள் நுழைந்துவிட்டால், ‘அவள் பார்த்தாள்’, ‘அவளுக்குத் தோன்றியது’, ‘அவள் காதில் விழுந்தது’ போன்றவற்றில் பெரும்பாலானவற்றை அடித்துவிடலாம். ‘பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிப்பதை அவள் கேட்டாள்’ என்பதைவிட ‘பக்கத்து வீட்டில் குக்கர் விசில்’ என்பது நேராக உள்ளே கொண்டுபோகும்.

6. கதைசொல்லியின் கருத்து வரலாமா? வரலாம், தைரியம் இருந்தால்.

‘ஷோ, டோன்ட் டெல்’ என்று இப்போது எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். அதை மீறியும் ஜெயிக்கலாம். புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய ‘பொன்னகர’த்தில் அம்மாளுவின் மனதுக்குள் அதிகம் நுழையவே இல்லை. காயம்பட்ட கணவனுக்காக அவள் இருட்டுச் சந்துக்குள் போகிறாள், காசோடு வருகிறாள். பிறகு கதைசொல்லி முன்னால் வந்து, கற்பைப் பற்றி முழங்குகிறவர்களை நேருக்கு நேர் கேட்கிறார். அதனால் அது அம்மாளுவின் சோகக் கதை என்பதைத் தாண்டி, படிக்கிறவர்மீது வைக்கப்பட்ட வழக்காகிறது. தொண்ணூறு ஆண்டு கழித்தும் அந்தக் குரல் நிற்கிறது என்றால், முதல் வரியிலிருந்தே கிண்டலும் கோபமுமாக அந்தக் குரல் இருப்பதுதான் காரணம். கடைசிப் பத்தியில் மட்டும் திடீரென்று எழுத்தாளர் குதித்திருந்தால் எடுபட்டிருக்காது. நீங்களும் கருத்துச் சொல்ல ஆசைப்பட்டால் முதல் பத்தியிலேயே அந்தக் குரலை நிறுவிவிடுங்கள்.

பார்வை தாவுவதற்கும் இதே விதிதான். ஒரே காட்சியில் மாமியார் மனது, மருமகள் மனது, பால்காரர் மனது என்று தாவினால் எடிட்டர் மூடி வைத்துவிடுவார். ஜெயகாந்தன் தாவினார் என்று சொல்வீர்கள். அவர் எங்கே ஆரம்பித்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்து நகர்ந்தார்.

7. சினிமா, ஓடிடி கனவு இருப்பவர்களுக்கு.

அகுதாகவா 1922இல் எழுதிய ஜப்பானியச் சிறுகதை ‘தோப்புக்குள்’. ஒரு கொலை, ஏழு பேர் வாக்குமூலம். இறந்தவனும் ஒரு மீடியம் வழியாகப் பேசுகிறான். எது உண்மை என்று கதை கடைசிவரை சொல்லாது. அகிரா குரோசவா இதை 1950இல் ‘ராஷோமோன்’ ஆக்கினார். அந்தத் தாக்கத்தில் எஸ். பாலசந்தர் 1954இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். 2004இல் கமல் ‘விருமாண்டி’யில் ஒரே சம்பவங்களை இரண்டு கைதிகளின் வாயால் சொன்னார். பிட்ச் மீட்டிங்கில் ‘ராஷோமோன் ஸ்டைல்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அதோடு நிற்காதீர்கள். ஒவ்வொருவரும் ஏன் பொய் சொல்கிறார், அந்தப் பொய்யால் அவருக்கு என்ன லாபம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அகுதாகவாவின் கதையில் கொள்ளைக்காரன், மனைவி, இறந்த கணவன் மூவருமே கொன்றது நான்தான் என்கிறார்கள். தப்பிக்கச் சொல்லும் பொய்யைவிட, மானத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய் பாத்திரத்தை ஆழமாகக் காட்டும். இந்த விளக்கத்தைக் கொடுப்பவரைத்தான் அறையில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

8. போர்ட்ஃபோலியோவும் மீட்டிங்கும்.

மூன்று சாம்பிள் வைத்திருந்தால் மூன்றும் ‘நான்’ கதைகளாக இருக்க வேண்டாம். ஒன்று தன்மை, ஒன்று ஒருவரையே ஒட்டி நிற்கும் படர்க்கை, ஒன்று வெறும் உரையாடலும் செயலும். மூன்றாவதற்கு ஹெமிங்வேயின் ‘ஹில்ஸ் லைக் வைட் எலிஃபன்ட்ஸ்’ நல்ல முன்மாதிரி. 1927இல் வந்தது. ஸ்பெயின் ரயில் நிலையத்தில் ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள். யார் மனதுக்குள்ளும் கதை பெரும்பாலும் போவதில்லை. பேசப்படும் விஷயமான கருக்கலைப்பு என்ற சொல்கூட வருவதில்லை. வசனம் எழுத வேலை கேட்டுப் போகிறீர்கள் என்றால் இந்த வகை சாம்பிள்தான் உங்களுக்காகப் பேசும்.

‘ஏன் இந்தக் கதாபாத்திரத்தைக் கதைசொல்லியாக வைத்தீர்கள்?’ என்ற கேள்வி வரும். ‘அப்படியே வந்தது சார்’ என்று சொன்னால் வாய்ப்பை நீங்களே பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுகிறீர்கள். இரண்டு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்கட்டும்: இவருக்கு இது தெரியும், இது தெரியாது, அந்தத் தெரியாமைதான் கதை.

எடிட்டர் ‘இதை மகளின் பார்வைக்கு மாற்றிப் பாருங்கள்’ என்று நோட்ஸ் கொடுத்தால் வாதாட வேண்டாம். ஒரு பக்கம் மாற்றி எழுதி, இரண்டையும் அனுப்புங்கள். உங்கள் பதிப்பே சிறந்தது என்றால் அது அங்கே தெரிந்துவிடும். மகளின் பதிப்பு சிறந்தது என்றால் உங்களுக்கு நல்ல கதை ஒன்று கிடைத்தது. எப்படிப் பார்த்தாலும், வேலை தெரிந்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும். அடுத்த அசைன்மென்ட் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது.

உங்கள் லேப்டாப்பில் திரும்பி வந்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும். இந்த வாரமே அதைத் திறந்து, முதல் பக்கத்தை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து எழுதிப் பாருங்கள். அந்தச் சம்பவத்தில் வாசலில் நின்றவர், கதவைச் சாத்தியவர், தாமதமாக வந்தவர், யாராவது ஒருவர். அவர் சரியாகப் பேச ஆரம்பித்துவிட்டால் பழையதை மூடிவிட்டு அவர் பின்னால் போங்கள். முடித்ததும் அனுப்புங்கள்.